அசைபடத்தை நம்பலாமா? கமரா எங்கே நிற்கிறது என்று பாருங்கள்

2022 நவம்பர் 22ஆம் திகதி, கட்டாரின் லுசைல் மைதானத்தில், ஆர்ஜென்டீனா முதற்பாதியில் மட்டும் மூன்று தடவை பந்தை வலைக்குள் அடித்தும் மூன்றும் ஓஃப்சைட் என்று போயின. ஆட்டத்தை 2-1 என்று சவூதி அரேபியா வென்றது. லௌட்டாரோ மார்ட்டினஸ் அடித்த ஒன்று மயிரிழையில் போனது. திரையில் வந்த கணினி அசைபடத்தைப் பார்த்த நம்மவர் பலர், தொழில்நுட்பம் என்றால் அந்தப் பொம்மை வீரர்கள்தான் என்று எண்ணிக்கொண்டார்கள். பொம்மை வெறும் சட்டை. கூரைக்குக் கீழே இருந்த 12 கமராக்கள் ஒவ்வொரு வீரரின் உடலிலும் 29 புள்ளிகளை விநாடிக்கு 50 தடவை அளந்தன. பந்துக்குள் இருந்த உணரி விநாடிக்கு 500 தடவை தகவல் அனுப்பியது. தீர்ப்பின் பலம் அந்தக் கோணங்களில் இருந்தது.

பள்ளிமுனை, பேசாலை, தாழ்வுபாடு என்று உதைபந்தாட்டத்தில் ஊறிய மன்னாருக்கு இது முக்கியம். நடுக்கோட்டருகே நிற்கும் ஒற்றைக் கைபேசியின் காணொளியில், யாரோ ஒரு செயலியால் சிவப்புக் கோடு கீறி, "நடுவர் ஏமாத்திப்போட்டார்" என்று பரப்புவதற்கு இன்று ஐந்து நிமிடம் போதும். அந்தக் கோட்டுக்குப் பெறுமதி இல்லை. வீரரின் கால் தரையில் இருக்கிறது. பெனால்டி பெட்டியின் கோடுகளை அளவாக வைத்து அது எங்கே நிற்கிறது என்று ஒரு கமராவாலேயே கணக்கிடலாம். ஆனால் தோளும் தலையும் அந்தரத்தில் இருக்கின்றன. அவற்றின் திசை மட்டுமே ஒரு கமராவுக்குத் தெரியும். இன்னொரு பக்கத்திலிருந்து வரும் பார்வை அதை வெட்டினால்தான் இடம் தெரியும். வேகமும் சேர்ந்தால் இன்னும் சிக்கல். விநாடிக்கு 8 மீற்றர் ஓடும் முன்கள வீரர், 25 படம் எடுக்கும் கமராவில் ஒரு படத்துக்கும் அடுத்ததுக்கும் இடையில் 32 சென்ரிமீற்றர் நகர்ந்துவிடுவார். எதிர்த்திசையில் பின்கள வீரர் ஓடிவந்தால் இடைவெளி இரட்டிக்கும்.

அப்படியானால் 12 கமராவுக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான், ஆனால் அத்தனை வேண்டியதில்லை. இரு பெனால்டி பெட்டிகளின் முன்கோட்டுக்கும் நேரே, மைதானத்தின் இருபுறமும் ஒவ்வொன்றாக நான்கு கைபேசிகள், உயரமான தாங்கியில். சோளகம் வீசும் மாதங்களில் தாங்கியை மணல்மூட்டையோடு கட்டாவிட்டால் காற்றாலையைத்தான் படம் பிடித்ததாக முடியும். நான்கு காணொளிகளையும் விசில் சத்தத்தை வைத்துப் பொருத்தக் கூடாது. மைதானத்தின் அகலமான 68 மீற்றரைக் கடக்க ஒலிக்கு 0.2 விநாடி பிடிக்கும். ஓடும் வீரருக்கு அது ஒன்றரை மீற்றர். கால் பந்தைத் தொடும் படத்தை வைத்தே பொருத்த வேண்டும்.

நடுவரின் அதிகாரம் போய்விடும் என்ற அச்சத்தையும் தள்ளிவிட முடியாது. அதனால் இந்த நான்கு கைபேசி முறையை ஆட்டத்தின் நடுவே கொண்டுவர வேண்டாம். வி.ஏ.ஆர். (காணொளி உதவி நடுவர்) வசதியில்லாத போட்டிகளுக்காக, பயிற்றுநர் கேட்டால் நடுவரே திரையில் பார்க்கும் முறையை ஃபிஃபா 2024இல் பரீட்சித்தது. அதுகூட நமக்குப் பிறகு பார்க்கலாம். முதலில் ஆட்டம் முடிந்தபின் கோட்டு நடுவர்களின் பயிற்சிக்கு மட்டும் பயன்படட்டும்; ஓரடிக்கு உட்பட்ட வித்தியாசத்தில் கொடி சொன்னதே முடிவு. அதுவரை, ஒற்றைக் கைபேசிப் படத்தில் கோடு கீறி அனுப்புபவரிடம் ஒன்று கேளுங்கள்: கமரா எங்கே நின்றது?