வனெசா பாரடி

வனெசா பாரடி (பிறப்பு: டிசம்பர் 22, 1972) பிரான்சு நாட்டுப் பாடகியும் நடிகையும் ஆவார். 1987இல், 14 வயதில், பாரிசு வாடகைக் கார் ஓட்டுநர் ஒருவரைப் பற்றிய "ஜோ லெ டாக்சி" பாடலால் புகழ்பெற்றார். அது பிரெஞ்சு மொழிப் பாடலாக இருந்தும் பிரித்தானியாவில் 3ஆம் இடம்வரை சென்றது.

புகழோடு ஏளனமும் வந்தது. மூச்சுக்காற்று கலந்த அவரது மெல்லிய குரலைக் குழந்தைக் குரல் என்று பழித்தனர். குரல் சிறியது என்பது உண்மையே. ஆனால் அதை மறைக்க முயலாத பாடல்களில்தான் அவர் சிறக்கிறார். 1990இல் செர்ஜ் கேன்ஸ்பூர் வரிகள் எழுதிய தொகுப்பில், காதருகே பேசுவதுபோலப் பாடுகிறார். லென்னி கிராவிட்ஸ் தயாரித்த 1992ஆம் ஆண்டு ஆங்கிலத் தொகுப்பில் மேலோங்கி நிற்பது பழைய அமெரிக்க இசைமீது தயாரிப்பாளருக்குள்ள பற்று. பாடகி அங்கே விருந்தாளிதான்.

முதல் திரைப்படமான "நோஸ் பிளான்ஷ்" (1989) அவருக்கு வளரும் நடிகைக்கான செசார் விருதைத் தந்தது. மெய்யியல் ஆசிரியருக்கும் 17 வயது மாணவிக்கும் ஏற்படும் உறவே கதை. இயக்குநர் ழான்-குளோட் பிரிசோ ஆசிரியரின் வேதனையையே பெரிதுபடுத்துகிறார், இது ஏற்கத்தக்கதன்று. மாணவிக்கு நேர்வது என்ன என்பதைப் பாரடியின் முகமே சொல்கிறது.

பத்தாண்டு கழித்து வந்த பத்ரீஸ் லெகோந்தின் கறுப்பு வெள்ளைப் படம் "லா ஃபீய் சூர் லெ போன்" அவரது நடிப்பின் உச்சம். தொடக்கக் காட்சியில், தன் வாழ்க்கை பற்றிய கேள்விகளுக்கு அவர் நெடுநேரம் விடை சொல்கிறார். பழிக்கப்பட்ட அதே குரல்தான், கேட்க அலுப்பதில்லை.