வெண்பாவின் அடுப்படியில் பதம் பார்ப்பது யார்?

‘வெண்பா’ கேமைப் பற்றி எழுதணும்னு ரொம்ப நாளா குறிப்பு எடுத்து வச்சிருந்தேன். உட்கார்ந்து எழுத வைத்தது சிதம்பரத்தில் இருக்கும் என் பெரியம்மா. கடலூரிலிருந்து லேப்டாப்போடு பஸ் ஏறிப் போய், அவங்க பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க, விளையாடிக் காட்டினேன். இட்லித் தட்டு அடுக்கும் இடத்தில் எனக்கு முன்னாடியே விடையைச் சொல்லிட்டாங்க. புட்டுக்கும் அப்படித்தான். பிரியாணி வந்ததும் சுவாரசியம் போயிடுச்சு. “இதுல எப்ப இறக்கணும்னு யாருடா பாத்துக்கிறா?” என்று கேட்டாங்க. என்னிடம் பதில் இல்லை.

விளையாடாதவர்களுக்குச் சுருக்கமாக: டொராண்டோவில் இருக்கும் விசை கேம்ஸ் 2023 ஜூலையில் வெளியிட்ட கேம் இது. 1980களில் தமிழ்நாட்டிலிருந்து கனடாவுக்குப் போன வெண்பா, பாவலன், அவர்கள் மகன் கவின், இவர்களின் கதை. வெண்பாவிடம் அவள் அம்மாவின் சமையல் குறிப்பு நோட்டு இருக்கிறது. அதில் சில இடங்கள் அழிந்து போயிருக்கின்றன. அந்த இடங்களை ஊகித்து நாம் சமைக்க வேண்டும். 2024இல் பாஃப்டாவின் அறிமுக கேம் விருது இதற்குத்தான் கிடைத்தது. முடிக்க ஒன்றரை மணி நேரம் போதும்.

சமையல் கேம்கள் வழக்கமாக எதைச் சோதிக்கும்? 2006இல் வந்த ‘குக்கிங் மாமா’ கைவேகத்தைச் சோதித்துப் பதக்கம் கொடுக்கும். 2016இல் வந்த ‘ஓவர்குக்ட்’ கடிகாரத்தை வைத்து நாலு பேரைக் கத்த விடும். ‘வெண்பா’ இரண்டையும் தள்ளிவிட்டு, பாத்திரத்தையே புதிராக்குகிறது. இட்லித் தட்டை எப்படி அடுக்கினால் மேல்தட்டு கீழே இருக்கும் இட்லியை நசுக்காது, புட்டுக்குழாயில் எது முதலில் போகணும் என்பதெல்லாம் அந்தப் பாத்திரத்தைச் செய்தவன் ஏற்கெனவே யோசித்து வைத்த விஷயம். ஆடுகிறவர் அதைத் திரும்பக் கண்டுபிடிக்கிறார். பெரியம்மா விடையைக் கத்தியதும் அதனால்தான். நல்ல டிசைன் என்று தயங்காமல் சொல்வேன்.

பிரியாணியில் அந்தப் பிடி நழுவுகிறது. அங்கே பாத்திரம் புதிர் போடுவதில்லை, எதற்கப்புறம் எது என்ற வரிசைதான் மிச்சம். வரிசை என்பது நோட்டில் எழுதி வைக்கக்கூடிய விஷயம். ஒரு தலைமுறைக்கும் அடுத்த தலைமுறைக்கும் நடுவில் தொலைந்து போவது வரிசை இல்லை, பதம்.

சிதம்பரம் கொத்சுவையே எடுத்துக்குவோம். கத்தரிக்காயை நல்லெண்ணெயில் வதக்கி, புளி கரைத்து ஊற்றி, வறுத்து அரைத்த மல்லி மிளகாய்ப் பொடி போடணும். இதை நாலு வரியில் எழுதிடலாம். மல்லியை எந்த நிறத்தில் நிறுத்தணும், எண்ணெய் எப்ப பிரியும் என்பதை என் அம்மா எழுதி வைக்கலை. அம்மா போய் ஆறு வருஷம் ஆச்சு. வரிசை எனக்கு மனப்பாடம். கொத்சு இன்னும் வரலை.

“கேமில் வாசனை வராதே, பதத்தை எப்படிக் காட்டுவது?” என்று கேட்கலாம். நிறம் வரும், சத்தம் வரும். ‘வெண்பா’வில் எண்ணெய் பொரியும் சத்தம் அவ்வளவு நேர்த்தியாக இருக்கிறது. ஆனால் அதைக் கேட்டு நாம் எந்த முடிவும் எடுக்க வேண்டியதில்லை. கடுகு வெடித்து அடங்கும் நொடியை ஆடுகிறவர் காதுக்கே விட்டிருக்கலாம்.

இன்னொரு குறை இதைவிடப் பெரிசு. தப்பாகச் செய்தால் கேம் திருத்திவிட்டு மறுபடியும் செய்யச் சொல்கிறது. வீட்டில் அப்படி நடக்காது. சுமாராக வந்த குழம்பையும் சாப்பிட்டுத்தான் எழுந்திருப்போம். “தப்பில்ல, ஆனா நேத்து மாதிரி இல்ல” என்று ஒரு பேச்சு வரும். அந்தச் சுமாரான பிரியாணியைக் கவினுக்குப் பரிமாற விட்டிருந்தால், அம்மாவுக்கும் பிள்ளைக்கும் நடுவில் விழும் இடைவெளி வசனத்தில் மட்டும் இல்லாமல் நம் கையிலும் இருந்திருக்கும். புதியவர்கள் பாதியில் விட்டுவிடக் கூடாது என்று தண்டனையைத் தவிர்த்திருப்பார்கள், அது நியாயம்தான். ஆனால் சுமாராக வருவது தண்டனை இல்லையே.

ஒரே ஒரு இடத்தில் கேம் இதை எட்டிப் பிடிக்கிறது. வளர்ந்த கவினாக நாம் சமைக்கும்போது அதே நோட்டுதான், ஆனால் அவன் தமிழைத் தட்டுத்தடுமாறித்தான் படிக்கிறான். சற்று முன் அம்மாவாக இருந்து நமக்குத் தெரிந்தது இப்போது தெரியவில்லை. ஒரு வசனமும் இல்லாமலே இழப்பு புரிகிறது. கேம் மட்டுமே செய்யக்கூடிய காரியம் இது. இதைச் செய்யத் தெரிந்தவர்கள் என்பதால்தான் பிரியாணி மேல் எனக்கு இவ்வளவு வருத்தம்.

கிளம்பும்போது பெரியம்மா, “அடுத்த தடவ அத வச்சிட்டு வா, மல்லி வறுக்கலாம்” என்றாங்க. போகணும்.