நினைத்த பொழுதில் கற்றல்

‘நினைத்த பொழுதில், நினைத்த இடத்தில் கற்கலாம்’ என்பது இன்று உயர்கல்வி உலகில் பெரிதாக முழங்கப்படும் வாசகம். விரிவுரையைப் பதிவு செய்து இணையத்தில் வைத்துவிட்டால், மாணவன் தன் வசதிப்படி அதைத் திறந்து பார்க்கலாம். கணினி நிரலாக்கம், ஆங்கிலம், கணக்கியல் என வேண்டிய திறனைப் பெற்றுச் சான்றிதழும் பெறலாம். 2020இல் கொள்ளைநோய் பரவிப் பல்கலைக்கழகங்கள் மூடப்பட்டபோது, கோர்செரா என்னும் அமெரிக்க நிறுவனம் தன் பாடங்களை உலகப் பல்கலைக்கழகங்களுக்குச் சில மாதங்கள் இலவசமாகத் திறந்துவிட்டது. நம் மொறட்டுவைப் பல்கலைக்கழகமோ நிரலாக்கப் பாடங்களைத் தானே ஆக்கி, தன் மாணவரல்லாதோரும் கட்டணமின்றிக் கற்க வழி செய்தது. பின்னதை நாம் மனமாரப் பாராட்டுகிறோம். மக்கள் வரிப்பணத்தில் நடக்கும் நிறுவனம் தன் அறிவை மதிலுக்கு வெளியே கொண்டு செல்வது முறையே. ஆயினும், ஒரு வாசகத்தை அதன் ஒலியினிமை கொண்டு மட்டும் மதிப்பிடலாகாது. அது யாரை மனத்திற் கொண்டு எழுதப்பட்டது என்று கேட்பதே திறனாய்வின் முதற் கடமை.

ஹட்டனுக்கும் நுவரெலியாவுக்கும் இடையே உள்ள தோட்டமொன்றின் லயத்திற்கு இவ்வாசகத்தைக் கொண்டு சென்று பார்ப்போம். பத்தடிக்குப் பன்னிரண்டடி அளவில் ஒரு காம்பிரா. முன்னால் ஓர் இஸ்தோப்பு. சமையலும் உறக்கமும் பிள்ளைப்பேறும் நோயும் இவ்விரண்டுக்குள்ளேயே நிகழ்தல் வேண்டும். சுவருக்கு அப்பால் பேசுவது இப்பால் கேட்கும். பல்கலைக்கழக விடுதியிலிருந்து விடுமுறைக்கு வந்த மாணவி இங்கு எந்த மூலையை ‘நினைத்த இடம்’ என்று கொள்வாள்? பொழுதும் அப்படித்தான். தப்பு அடித்துப் பெரட்டுக்கு அழைத்த காலம் முதல் தோட்டத்தின் பொழுது தோட்டத்துக்கே உரியது. தாய் கொழுந்து மலைக்குப் போய்விட்டால் தண்ணீரும் அடுப்பும் தம்பி தங்கையரும் மகள் தலையில். அவளுக்கு எஞ்சுவது எல்லோரும் உறங்கிய பின்னுள்ள இரவு. அந்த இரவிலும் கைப்பேசியில் அலைவரிசை இருத்தல் வேண்டும். ‘ரீலோட்’ தீராதிருத்தல் வேண்டும். ரீலோட் எதிலிருந்து வருகிறது? பல ஆண்டுக் கோரிக்கைகளுக்கும் போராட்டங்களுக்கும் பின் 2021இல்தான் 1000 ரூபாயைத் தொட்ட நாட்கூலியிலிருந்து.

இதனை மலையகத் தமிழரின் தனிக்குறையென எண்ணிவிட வேண்டாம். அதே 2021இல், அயல் மாகாணமான ஊவாவின் சிங்களச் சிற்றூர் ஒன்றிலே பிள்ளைகள் காட்டுவழி நடந்து, பாறையேறி, மரமேறி அலைவரிசை தேடிய செய்தி உலகெங்கும் வெளியாயிற்று. வறுமைக்கு மொழியில்லை.

வசதிக் குறைவைப் பற்றி இவ்வளவு போதும். கம்பத்தை நாட்டிவிட்டால் அலைவரிசை வந்துவிடும். நம்மை உறுத்துவது வேறொன்று. ‘திறன்’ என்ற சொல்லே அது.

தோட்டத்துப் பிள்ளைக்கு எவ்வளவு கல்வி போதும் என்ற கணக்கு இம்மலைகளில் நெடுங்காலமாகப் போடப்பட்டு வந்திருக்கிறது. 1920ஆம் ஆண்டின் கல்விச் சட்டம் தோட்டப் பிள்ளைகளுக்குக் கல்வியளிக்கும் பொறுப்பைத் தோட்ட நிர்வாகத்தின் மீது சுமத்தியது. நிர்வாகம் கொடுத்தது என்ன? ஓர் அறை, ஓர் ஆசிரியர், சில வகுப்புகள். 1945இல் நாடெங்கும் இலவசக் கல்வி மலர்ந்தபோதும் தோட்டப் பள்ளிகள் அதன் புறத்தேயே நின்றன. 1970களில்தான் அரசு அவற்றைப் பொறுப்பேற்கத் தொடங்கியது. மிகக் குறைந்த செலவில், வேலைக்கு வேண்டிய அளவே கல்வி என்பதுதான் அந்தக் கணக்கின் சாரம். இன்று ‘தொழிற்சந்தைக்கு வேண்டிய திறன்’ என்று சொல்லி, விரிவுரையாளருக்குப் பதிலாகப் பதிவு செய்த பாடத்தையும் நூலகத்துக்குப் பதிலாக ஒரு கடவுச்சொல்லையும் கொடுத்தால், பழைய கணக்கே புதிய பேரேட்டில் ஏறுகிறது எனலாம். மூலதனத்துக்கு ஆசிரியர் என்றுமே செலவினம்தான்.

ஆசிரியர் இல்லாத பாடம் எவ்வளவு தூரம் செல்லும் என்பதற்குச் சான்று உண்டு. ஹார்வர்டு பல்கலைக்கழகமும் மசாசுசெட்ஸ் தொழினுட்ப நிறுவனமும் 2012 முதல் 2018 வரை நடத்திய இணையப் பாடங்களை ஆராய்ந்த கட்டுரையொன்று 2019இல் ‘சயன்ஸ்’ இதழில் வெளிவந்தது. 2017-18இல் பதிந்துகொண்டோரில் பாடத்தை முடித்தவர் நூற்றுக்கு மூவர் அளவே. பயின்றோரின் பெருக்கமும் செல்வ நாடுகளிலேயே மிகுந்திருந்தது. ஏழை நாடுகளின் கல்விப் பசியைத் தீர்க்கும் என்று 2012இல் பறையறையப்பட்ட முயற்சி இது!

இதற்கு எதிரே 1960களின் ஹட்டனை நினைவு கூர்வோம். ஹைலன்ஸ் கல்லூரியில் இர. சிவலிங்கம் போன்ற ஆசிரியர்கள் லயத்துப் பிள்ளைகளுக்குப் பல்கலைக்கழகக் கனவையே புகட்டினர். பாடத்தோடு பேச்சும் நாடகமும் சமூக உணர்வும் அவர்களிடமிருந்து கிடைத்தன. ‘நீ மேலே படிக்க வேண்டும்’ என்று ஒரு மாணவனின் முகம் பார்த்துச் சொல்லும் திறனை எந்தக் காணொளிக்கும் இதுவரை எவரும் ஊட்டவில்லை. மலையக மத்தியதர வர்க்கத்தின் முதல் தலைமுறை பெரும்பாலும் இத்தகைய ஆசிரியர்களின் ஆக்கமே.

அப்படியாயின் பதிவு செய்த பாடம் வேண்டாமா? வேண்டும், சொல்லப்போனால் மலையக மாணவருக்கே அது மிக வேண்டும். உயர்தரம் வரை தமிழிற் கற்றவர், விஞ்ஞானமோ பொறியியலோ முகாமைத்துவமோ பயிலப் புகுந்ததும் ஆங்கில விரிவுரையின் முன் திகைத்து அமர்கிறார். பக்கத்து இருக்கையில் கொழும்புப் பள்ளியிலிருந்து வந்தவர் தலையசைத்துக் கேட்க, இவர் எழுத்துக்கூட்டுகிறார். கேள்வி கேட்கவோ கூச்சம். பதிவு செய்த பாடத்தை நிறுத்தலாம், திரும்பக் கேட்கலாம், ஒரு சொல்லுக்காகப் பத்து முறை பின்னோக்கிச் செல்லலாம், எவரும் நகைப்பதில்லை. இது சிறிய உதவியன்று. ஆனால் கேட்டதைத் தமிழில் விளக்கிச் சொல்ல ஒருவரும், உடன் அமர்ந்து கற்கச் சிலரும், மேசையும் விளக்குமுள்ள ஓர் அறையும் சேர்ந்தால்தான் அவ்வுதவி பயன் தரும்.

அறைகள் இல்லாமலில்லை. திறந்த பல்கலைக்கழகத்துக்கு ஹட்டனில் கற்கை நிலையம் இருக்கிறது. பத்தனையில் ஸ்ரீபாத தேசிய கல்வியியற் கல்லூரி இருக்கிறது. தோட்டந்தோறும் பாடசாலைக் கட்டடங்கள் மாலையில் பூட்டிக் கிடக்கின்றன. 2020இல் பல்கலைக்கழகத் தளங்களைத் தரவுக் கட்டணமின்றி அணுக இந்நாட்டின் தொலைத்தொடர்பு நிறுவனங்கள் இடமளித்தன. பொது நன்மைக்கென முடிவெடுத்தால் ஆகக்கூடியது அது என்று அன்று தெரிந்துகொண்டோம். அந்த ஏற்பாட்டை நிலையாக்குவதும், மாலையில் அப்பாடசாலைகளைத் திறந்து வைப்பதும், விடுமுறைக்கு வரும் மூத்த மாணவர்க்குச் சிறு ஊதியமளித்து இளையோருடன் அமர்த்துவதும் இயலாத காரியங்களல்ல. தொழிற்சங்கங்கள் சம்பள நிர்ணயத்தோடு இக்கோரிக்கையையும் மேசையில் வைக்கலாம். ஒவ்வொரு தேர்தலிலும் எழுப்பப்படும் மலையகப் பல்கலைக்கழகம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. திறவுகோல் அதிபரின் மேசையில்தான் இருக்கிறது.