எழுபத்துமூன்று வயதில் முதல் நாவல்

உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர்கள் பேனாவைக் கையில் எடுப்பது எல்லாத் தேசங்களிலும் நடக்கிற காரியம். அதிலும் அந்நிய நாட்டில் சில காலம் வாழ்ந்துவிட்டு வந்தவர்களைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். பிள்ளையுடன் அமெரிக்காவில் ஆறு மாதம் இருந்துவிட்டு வந்த பெரியவர்களின் கையெழுத்துப் பிரதிகள் என்னிடமும் வந்ததுண்டு. நயாகரா இருக்கும், சாலைகளின் சுத்தம் இருக்கும், பனி இருக்கும். மனிதர்கள்தாம் இருக்க மாட்டார்கள். பொழுது இருக்கிறது, ஞாபகம் இருக்கிறது, எழுதினால் என்ன என்று அவர்கள் கேட்கிறார்கள். தாராளமாக எழுதலாம். ஆனால் இலக்கியமாவதற்கு இந்த இரண்டும் போதா என்பது என் அபிப்பிராயம். வேறென்ன வேண்டும் என்று தெரிந்துகொள்ள விரும்புகிறவர்கள் ஹாரியட் டோர் என்ற அமெரிக்க நாவலாசிரியையைப் படித்துப் பார்க்கலாம்.

இந்த அம்மாள் 1910-ல் கலிபோர்னியாவில், பாஸடீனா என்ற ஊரில் பிறந்தவர். ரயில்வே முதலாளி ஹென்றி ஹண்டிங்டனின் பேத்தி. வறுமை அறியாத குடும்பம். 1930-ல் கல்லூரிப் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு ஆல்பர்ட் டோர் என்ற இன்ஜினீயரை மணந்துகொண்டார். கணவர் வீட்டாருக்கு மெக்ஸிகோவில் சுரங்கம் இருந்தது. அதை முன்னிட்டு அங்கே பல வருஷங்கள் வாழ்ந்தார்கள். 1972-ல் கணவர் காலமானார். மகன் தூண்டியதன்பேரில், விட்ட படிப்பை மறுபடி எடுத்து, 1977-ல், 67-வது வயதில், ஸ்டான்போர்டு சர்வகலாசாலையில் பி.ஏ. பட்டம் வாங்கினார். 1984-ல் ‘ஸ்டோன்ஸ் ஃபார் இபாரா’ என்ற நாவல் வெளிவந்தது. முதல் நாவலுக்கான அமெரிக்க தேசியப் பரிசும் அந்த வருஷமே கிடைத்தது.

குடும்ப ஸ்திரீக்கு ஓய்வு ஏது, பென்ஷன் ஏது என்று கேட்கலாம். சர்க்கார் உத்தரவு வராதுதான். ஆனால் யாருடைய வருகைக்காகவும் வாசலைப் பார்க்க வேண்டியதில்லை என்று ஒரு நாள் வந்துவிடுகிறதே, அதுவும் ஓய்வுதான். கேட்டு வாங்காத ஓய்வு.

நாவலின் கதை சுருக்கமானது. ரிச்சர்டும் ஸாராவும் நடுத்தர வயதுத் தம்பதி. ஸான் பிரான்ஸிஸ்கோ வாழ்க்கையை உதறி, கடனை உடனை வாங்கிக்கொண்டு, மெக்ஸிகோவில் இபாரா என்ற சிற்றூருக்கு வருகிறார்கள். ரிச்சர்டின் பாட்டனார் 1910 புரட்சியின்போது கைவிட்ட தாமிரச் சுரங்கத்தை மறுபடி நடத்த வேண்டும் என்பது ஆசை. வந்த சில மாதங்களுக்குள் அவனுக்கு ரத்தப் புற்றுநோய் என்று தெரிகிறது. வைத்தியர் ஆறு வருஷம் தவணை கொடுக்கிறார். இதை ஆசிரியை ஒளித்து வைக்கவில்லை, ஆரம்பத்திலேயே சொல்லிவிடுகிறார். இனி என்ன ஆகும் என்ற பரபரப்பு போய், எப்படி ஆகிறது என்று கவனிக்க வாசகனுக்கு நிதானம் வந்துவிடுகிறது. நம்முடைய தொடர்கதைக்காரர்கள் இந்தத் துணிவை ஒரு தடவையாவது பரீட்சித்துப் பார்க்கலாம்.

ஆனால் நான் முக்கியமாகக் கருதுவது வேறொன்று. வெளியூர் போய்வந்தவன் எழுதும்போது, தான் பார்த்ததைச் சொல்கிறான். இந்த அம்மாள் தன்னை அந்த ஊர் பார்த்ததையும் சேர்த்துச் சொல்கிறார். இபாரா ஜனங்கள் இந்தத் தம்பதியை மதில்மேலும் ஜன்னல் வழியாகவும் வேடிக்கை பார்க்கிறார்கள். இருக்கிற வீட்டையும் சௌகரியத்தையும் விட்டு இங்கே வந்து சேர்ந்தவர்கள் திசை கொஞ்சம் தப்பியவர்களாகத்தான் இருக்க வேண்டும் என்று அவர்களுக்கு ஒரு தீர்மானம். கோயிலுக்குப் போகாதவர்கள், ஆனால் கெட்டவர்களாகவும் தெரியவில்லை. இது என்ன ஜாதி என்று அவர்களுக்கு விளங்கவில்லை. ஸாராவுக்கும் அவர்கள் விளங்குவதில்லை. விளங்காத இடங்களையெல்லாம் கற்பனையால் நிரப்புகிறாள். கணவன் பிழைத்துவிடுவான் என்று நினைப்பதும் அந்தக் கற்பனையின் ஒரு பகுதிதான். ஊரைப் பற்றிய அறியாமையும் மரணத்தைப் பற்றிய அறியாமையும் ஒரே நூலில் கோக்கப்பட்டுவிடுகின்றன. எல்லாம் தெரிந்தவர் எழுதியிருந்தால் இந்த நாவல் பிறந்திராது.

தலைப்பில் வரும் கற்கள் அந்த ஊர் வழக்கம் ஒன்றைக் குறிக்கின்றன. ஓரிடத்தில் துர்மரணம் நேர்ந்தால் அந்த வழியே போகிறவர்கள் ஒரு கல்லை வைத்துவிட்டுப் போவார்கள். குவியல் வளரும். கல் வைப்பவர் பேசுவதில்லை. டோர் எழுதும் வாக்கியங்களும் அப்படித்தான், சிறியவை, கனமானவை. பிலாக்கணம் எங்கும் இல்லை.

இது முதுமையினால் தானாக வந்த பக்குவம் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. வால்லஸ் ஸ்டெக்னர் ஸ்டான்போர்டில் ஏற்படுத்திய எழுத்துப் பயிற்சித் திட்டத்தில், பேரன் பேத்தி வயதுக்காரர்களுடன் உட்கார்ந்து, எழுதியதை வாசித்துக் காட்டி, திருத்திக்கொண்டவர் அவர். கணவர் மறைவுக்கும் புத்தகத்துக்கும் இடையே சுமார் பன்னிரண்டு வருஷம். நம் பெரியவர்கள் விமானத்திலிருந்து இறங்கிய மறு மாதமே அச்சகம் தேடுகிறார்கள். வயதானவர் எழுதியது என்ற தாட்சண்யத்தை வாசகர்களிடம் எதிர்பார்க்கவும் செய்கிறார்கள். அந்தத் தாட்சண்யம் டோருக்குத் தேவைப்படவில்லை.

குறைகளும் உண்டு. சில அத்தியாயங்கள் முதலில் தனிக் கதைகளாகப் பத்திரிகைகளில் வந்தவை, தையல் தெரிகிறது. இபாராவில் சாவுகள் சற்று அதிகம், சில சாவுகள் வேண்டியதற்கு மேல் அழகு. அதைவிடப் பெரிய குறை, முதலாளியின் மனைவி என்ற ஸ்தானத்திலிருந்து ஸாரா முழுக்க இறங்கி வராதது. வீட்டு முற்றத்தில் நிற்கும்போது ஆசிரியையின் கண் எதையும் தப்பவிடுவதில்லை. சுரங்கத்தில் வேலை செய்கிறவனின் கூலிக் கணக்கில் அதே கூர்மை இருப்பதாக எனக்குப் படவில்லை. விருந்தாளியாக இருந்ததன் பலன் இந்தப் புத்தகம். அதன் எல்லையும் அதுவேதான். ஆனால் எல்லையைத் தாண்டிவிட்டதாக அவர் பாசாங்கு செய்யவில்லை. கீழ்த் தேசங்களில் அதிகாரம் செலுத்திவிட்டுப் போய் எழுதிய வெள்ளைக்கார உத்தியோகஸ்தர்கள் பலரிடம் நான் காணாத நாணயம் இது.

1993-ல், 83 வயதில், ‘கன்ஸிடர் திஸ், ஸெனோரா’ என்ற இரண்டாவது நாவலை வெளியிட்டார். 2002-ல் காலமானார். இதிலும் மெக்ஸிகோவுக்குக் குடிவந்த அமெரிக்கர்கள்தாம். பாத்திரங்கள் அதிகம், அழுத்தம் குறைவு. முதல் நாவலின் அருகே வைக்கத் தகுந்ததென்று சொல்ல மாட்டேன். ஆனால் மெக்ஸிகோவில் பிறந்து, எங்கெங்கோ வாழ்ந்து, கடைசிக் காலத்தில் அங்கேயே திரும்பிவரும் உர்ஸுலா என்ற கிழவி ஒருத்தி அதில் வருகிறாள். அவள் வரும் பக்கங்களை மட்டும் நான் இரண்டு தடவை படித்தேன்.