ஆலியாவின் வீழ்ச்சி: ‘டியூன்’ பேரரசில் பெண்ணாட்சியும் அதன் பழியும்

பிராங்க் ஹெர்பர்ட்டின் ‘டியூன்’ (1965) வரிசை நாவல்கள் பெண்களுக்கு உயர்ந்த இடமளிப்பவை என்போர் பெனி ஜெசரிட் என்னும் சகோதரியர் அமைப்பைச் சான்றாகக் காட்டுவர். அவ்வமைப்பினரின் ஆற்றல் ஐயத்திற்கு இடமற்றது. ஆயினும் அது மனைவியாக, காமக்கிழத்தியாக, தாயாக, அரசவை ஆலோசகராக அரியணைக்குப் பின்னின்று செலுத்தப்படும் ஆற்றல். பெண்ணொருத்தி ஆட்சியதிகாரத்தைத் தானே கையேற்கும்போது இப்புனைவுலகம் அவளை எவ்வாறு நடத்துகிறது என்பதே கேட்கப்பட வேண்டிய வினா. ‘சில்ட்ரன் ஆஃப் டியூன்’ (1976) நாவலின் ஆலியா அதற்கு விடையாகிறாள்.

தாய் ஜெசிகா கருவுற்றிருந்தபோது அருந்திய உயிர்நீரால், முன்னோர் நினைவுகள் யாவும் கருவிலேயே விழிக்கப் பிறந்தவள் ஆலியா. சிறுமியாக இருந்தபோதே தன் தாய்வழிப் பாட்டனான ஹார்கோனன் பிரபுவை நச்சூசியால் கொன்றவள். அண்ணன் பவுல் பாலைவனத்துள் மறைந்தபின் அவனுடைய இரட்டைக் குழந்தைகளின் பெயரால் பேரரசை ஆள்கிறாள். அவள் கொன்ற பாட்டனே நினைவாக உள்ளிருந்து எழுந்து அவளை ஆட்கொள்கிறான். அதன்பின் அவளுடைய அரசியல் பிழை எதுவும் அவளுடையதாக இருப்பதில்லை. மதகுரு ஜாவிதுடன் அவள் கொள்ளும் உறவும் ஆட்கொண்டவனின் இச்சையாகவே காட்டப்படுகிறது. ஆள்பவளின் தவறு கொள்கையிலிருந்து உடலுக்கு இடம்பெயர்க்கப்படுகிறது.

எல்லா ஆட்சியாளரையும் ஐயுறுவதே ஹெர்பர்ட்டின் நோக்கம், பவுலும் தோற்றவனே என்று மறுப்புரைக்கலாம். அது மெய்யே. பவுலின் பெயரால் நடந்த புனிதப் போரில் 6,100 கோடிப் பேர் மாண்டதாக ‘டியூன் மெசையா’ (1969) கூறுகிறது. ஆனால் வேறுபாடு தோல்வியில் இல்லை, அது சொல்லப்படும் முறையில் உள்ளது. பவுல் தன் குற்றத்தை அறிந்து, கண்ணிழந்தவனாய்ப் பாலைக்குள் நடந்து செல்கிறான். அது அவலச்சுவையின் உயரம் பெறுகிறது. ஆலியாவுக்கோ குற்றவுணர்வுக்கான தன்னிலையே மறுக்கப்படுகிறது. அவளுடையது நோய். சாளரத்தின் வழியே அவள் தன்னை வீழ்த்திக்கொள்ளும் கடைசிக் கணத்தில்தான் அவள் மீண்டும் அவளாகிறாள்.

இரட்டையருடனான ஒப்பீடு இதனை மேலும் தெளிவாக்கும். லெட்டோவும் கானிமாவும் ஆலியாவைப் போன்றே கருவில் விழித்தவர்கள். லெட்டோ தன்னுள் வாழும் முன்னோருடன் உடன்பாடு கொண்டு, அவர்களின் துணையுடன் பேரரசனாகிறான். அவனது 3,500 ஆண்டுக் கொடுங்கோன்மை மானுடத்தைக் காக்கும் தொலைநோக்கு எனப்படுகிறது. ஆலியாவுக்கு ‘அருவருப்பு’ என்னும் பெயரைத் தந்த நிலை அவனுக்கு ஆற்றலாகிறது. கானிமாவும் தப்பிக்கிறாள், தாய் சானியின் நினைவு அவளுக்குக் காவல். எனவே பெண்ணால் இந்நிலையைத் தாங்கவியலாது என்று நாவல் சொல்லவில்லை. தாங்கியவளுக்கு அரியணை இல்லை என்பதே அதன் ஏற்பாடு.

ஆலியாவைத் தனியே விட்டு ஜெசிகா காலடானுக்குத் திரும்பியமை நாவலிலேயே பதிவாகியுள்ளது. வளர்ப்பின் குறையை விளக்கமாகக் கொள்ளும் வாயில் அங்கே திறந்திருந்தும், கதை பாட்டனின் குரலையே தேர்கிறது.

டெனி வில்நுவின் 2024ஆம் ஆண்டுத் திரைப்படத்தில் ஆலியா பிறப்பதே இல்லை. கருவிலிருந்து தாயுடன் உரையாடுவதோடு சரி. ஹார்கோனன் பிரபுவைக் கொல்வதும் அங்கே பவுலின் செயலாகிவிடுகிறது.