யாமைக்குக் காவல் யார்?

பினாங்குத் தீவின் வடமேற்கு மூலையில், தெலுக் பாகாங்கிற்கு அப்பால் கெராச்சுட் கடற்கரை உள்ளது. 2003ஆம் ஆண்டில் தேசியப் பூங்காவாக்கப்பட்ட காட்டை நடந்து கடந்தோ படகேறியோதான் அங்குச் செல்லல் வேண்டும். பேராமையும் பங்குனி ஆமையும் அங்கே இரவில் கரையேறி முட்டையிடும். மீன்வளத்துறையினர் அம்முட்டைகளை எடுத்து வேலியிட்ட மணலில் மீண்டும் புதைத்துக் காக்கின்றனர். அகநானூற்று 160ஆம் பாட்டைக் கற்பிக்கும் ஆசிரியர் மாணவரை அழைத்துச் சென்று காட்டத்தக்க இடம் இது. காட்டும்போதுதான் ஓர் இடர்ப்பாடு எழும்.

குமிழி ஞாழலார் நப்பசலையார் பாடியது அப்பாட்டு. சூல் முதிர்ந்த யாமை அடும்பங்கொடி சிதைய வெண்மணல் மேட்டின் பக்கத்தே முட்டையிட்டுப் புதைக்கிறது. முட்டை யானைக் கோட்டாலாகிய வட்டினை ஒத்தது, புலால் நாறுவது. குஞ்சு வெளிப்படும்வரை ஆண்யாமை அதனைக் காக்கிறது என்கிறார் புலவர்.

முற்பகுதி கண்ணாற் கண்டது போன்றது. அடும்பு படர்ந்த மேட்டு மணலே கடலாமை நாடும் இடம். மலேசியக் கரைகளிலும் இது காணலாம். பிற்பகுதியோ நிகழாதது. ஆண் காவல் இருப்பதில்லை; பெண்ணும் மணலை மூடியதும் கடலுக்குத் திரும்பிவிடும். ஏறத்தாழ இரண்டு திங்கள் அம்முட்டைகளுக்குத் துணை எவரும் இலர்.

இது கொண்டு புலவரை இகழ்தலும் கூடாது. முன்னோர் அறியாததொன்றில்லை என்று சொல்லிப் பிழையை மூடுதலும் கூடாது. பின்னதே நம் வகுப்பறைகளில் மிகுதி. பாட்டின் துறை, தோழி வரைவு மலிந்து சொல்லியது. முன்பு இரவில் மறைந்து வந்த தலைவன் இப்போது ஊரார் காணப் பகலில் தேரேறி வருகிறான். மறைத்துப் புதைத்ததை வெளிப்படும்வரை காக்கும் கணவன் உள்ளுறைக்கு வேண்டப்பட்டான். ஆகவே பாட்டில் வந்தான். ஐங்குறுநூற்றின் 44ஆம் பாட்டிலும் ஆமைக்குஞ்சு தாய்முகம் நோக்கியே வளர்கிறது. ஆமைக்கு இல்லாத சுற்றத்தைப் புலவர் இருவரும் தாமே அளித்தனர். அஃது அன்பின் வழக்கு, உயிர்நூல் அன்று.

இவ்வேறுபாட்டைச் சொல்லாமல் விடுவதால் இழப்பு உண்டு. திரங்கானுவின் ரந்தாவ் அபாங்கில், தோல் போர்த்த முதுகுடைய ஏழுவரி ஆமை 1950களில் ஆண்டுக்கு ஏறத்தாழ 10,000 முறை முட்டையிட்டது. மக்கள் முட்டைகளை அகழ்ந்து விற்றனர்; கடலில் வலைகள் தாய்களைக் கொன்றன. இன்று அவ்வாமை அங்கு ஏறக்குறைய இல்லை. எல்லாக் கடலாமை முட்டைகளின் விற்பனையையும் அம்மாநிலம் தடுத்தது 2022இல்தான். உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியலில் அழுங்காமை மிக அருகிய இனமாகவே நிற்கிறது. பேராமை 2025இல் அருகிய நிலையிலிருந்து கவலை குறைந்த நிலைக்கு ஏறியது. பல நாடுகளில் பல்லாண்டுகள் கரையையும் முட்டையையும் மனிதர் காத்ததும் அதற்கு ஒரு காரணம்.

அக்காவலும் எளிதன்று. மணல் மிகச் சூடேறினால் பொரிப்பன யாவும் பெண்ணாகிவிடும். பொரிப்பகத்தார் நிழலையும் அளந்து அமைத்தல் வேண்டும். நப்பசலையாரின் ஆண்யாமைக்கு இந்தத் தொல்லை இல்லை.