பார்த்திபன் கனவில் உறையூர்

கல்கி ரா. கிருஷ்ணமூர்த்தியை (1899–1954) இதழாசிரியர் எனவும் புதின ஆசிரியர் எனவும் இருவராகப் பிரித்து ஆராயும் வழக்கம் பொருத்தமுடையதன்று. வங்கத்துப் பங்கிம் சந்திரர் 1872இல் ‘வங்கதரிசனம்’ என்னும் இதழைத் தொடங்கித் தம் புதினங்களை அதில் வெளியிட்டார். அவ்விதழை ஒதுக்கி அவர்தம் புதினங்களை விளக்குதல் அரிது. கல்கியின் நிலையும் அத்தகையதே.

திருச்சிராப்பள்ளியில் பயின்றுவந்த கல்கி, 1921இல் காந்தியடிகளின் அழைப்பை ஏற்றுப் பள்ளிப் படிப்பைத் துறந்தார். 1922இல் சிறை புகுந்தார். 1941இல் தனிநபர் அறப்போரில் ஈடுபட்டு மீண்டும் சிறை சென்று வந்தபின், தி. சதாசிவத்துடன் ‘கல்கி’ இதழைத் தொடங்கினார். பார்த்திபன் கனவு (1941–43) அவ்விதழில் வந்த தொடராகும்.

இக்கதையின் நிலைக்களம் உறையூர். மலைக்கோட்டைக் குன்றின்மேல் நிற்பார்க்கு வடக்கே காவிரியும், அதற்கப்பால் திருவரங்கக் கோபுரங்களும், மேற்கே உறையூரும் தோன்றும். அக்குன்றில் முதலாம் மகேந்திரவர்மன் குடைவித்த குகைக்கோயிலின் வடமொழிக் கல்வெட்டு, நிலத்தில் நின்றால் சோழநாட்டின் வளத்தை எங்ஙனம் காண்பது என இறைவன் வினவியதால் மலைமேல் கோயில் அமைந்தது என்று கூறுகிறது. காவிரியைப் பல்லவனின் காதலி என்றும் சொல்கிறது. வென்றவன் மேலிருந்து நோக்கும் நோக்கு இது. கல்கியோ கதையைத் தோணித்துறையில், படகோட்டி பொன்னனின் குடிசையருகே தொடங்குகிறார். பல்லவன் தன் பெருமையைக் கல்லில் பொறித்தான். கப்பம் கட்டும் பார்த்திபனோ தன் கனவைச் சித்திரமாக்கிப் பூட்டிய மண்டபத்தில் மறைத்து வைக்கிறான். ‘சித்திரகாரப் புலி’ எனப் பட்டம் பூண்டவன் மகேந்திரன் என்பதை நினைவார்க்கு, ஓவியக் கலையைச் சோழனிடம் ஒப்படைத்த கல்கியின் துணிவு புலனாகும். அயலார் ஆட்சியில் இருந்த 1941ஆம் ஆண்டு வாசகர்க்கு அப்பூட்டிய மண்டபத்தின் பொருளை எவரும் விளக்க வேண்டியிருந்திராது.

இனி, குறை ஒன்று உண்டு. போர்க்களத்தில் உயிர்விடும் பார்த்திபனுக்கு வாக்களிக்கும் சிவனடியார், நரசிம்ம பல்லவரே என்பது பின்னர் வெளிப்படுகிறது. இதழ்தோறும் வாசகரைக் காத்திருக்கச் செய்யும் தொடர்கதைக்கு இம்மாறுவேடம் பெரிதும் உதவியது. கதையின் உயிர்க்கருத்துக்கோ ஊறு செய்தது. உரிமை என்பது பேரரசனின் பெருந்தன்மையால் வழங்கப்படும் கொடை ஆகிவிடுகிறது. விக்கிரமன் பல்லவன் மகள் குந்தவியை மணப்பதும் அக்கொடையின் ஒரு பகுதியே. மும்முறை சிறை கண்ட ஆசிரியர் இதனை எழுதினார் என்பது வியப்பே. எனினும், கனவின் முழுநிறைவை விக்கிரமன் காலத்தில் காட்டாது, முந்நூறு ஆண்டுகட்குப் பிற்பட்ட இராசராசன் காலத்திற்குத் தள்ளிவைத்தமை வரலாற்றுணர்வு உடைய செயல். மணவினையின் இனிமையை அது ஓரளவு மட்டுப்படுத்துகிறது.

அடுத்து வந்த சிவகாமியின் சபதத்தில் (1944–46) அதே நரசிம்மரின் இளமையை எழுதப் புகுந்த கல்கி, காஞ்சிக்கும் வாதாபிக்கும் சென்றுவிட்டார்; கரையில் நின்று அரசரை அண்ணாந்து நோக்கிய பொன்னனின் கண் அந்நூலில் இல்லை.